கடல்நீர் மீன்தொட்டிக்குக் குழாய் நீரா, சுத்திகரித்த நீரா? கொழும்பில் கடல்மீன் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடல்நீர்த் தொட்டியில் இருப்பதில் நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர், மீதிதான் உப்பு. ஆனாலும் உப்பு, விளக்கு, மீன் ஆகியவற்றைப் பற்றி நாட்கணக்கில் விசாரிக்கும் பலர் தண்ணீரைப் பற்றிக் கேட்பது தொட்டியில் ஏதாவது இறந்த பிறகுதான். கொழும்பிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடல்மீன் வளர்ப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன.

குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் மீனுக்கு ஆகாதா?

குடிநீரின் தரம் மனித உடலை வைத்து வகுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பையும் 50 மில்லிகிராம் வரை நைத்திரேற்றையும் அனுமதிக்கிறது. கடல்மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயைக் குணப்படுத்துவதற்காகத் தனித் தொட்டியில் இடும் செம்பின் அளவு லீற்றருக்கு ஏறத்தாழ 0.15 முதல் 0.2 மில்லிகிராம்தான். அந்த மருந்தளவே இறால், நத்தை, நட்சத்திர மீன், பவளம் போன்றவற்றைக் கொன்றுவிடும் என்பதால்தான் அந்தச் சிகிச்சையைப் பிரதான தொட்டியில் செய்யக்கூடாது என்கிறோம். ஆகவே, நமக்குப் பாதுகாப்பானது என்று வரையறுக்கப்பட்ட செம்பின் உச்ச அளவு, இறாலுக்கு நஞ்சாகும் அளவைப் போலப் பத்து மடங்கு. கொழும்புக் குழாயில் அவ்வளவு செம்பு வருகிறது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். "குடிக்கலாம்" என்ற உறுதி வேறொரு கேள்விக்குக் கிடைத்த பதில் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

கொழும்புக் குழாய் நீரின் தன்மை என்ன?

தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கொழும்புக்கும் சுற்றுப்புறங்களுக்கும் தரும் நீரின் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து எடுக்கப்பட்டு அம்பத்தலையிலும் பியகமையிலும் சுத்திகரிக்கப்படுகிறது. களட்டுவாவ, லபுகம நீர்த்தேக்கங்களிலிருந்தும் ஒரு பகுதி வருகிறது. லபுகம 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கொழும்புக்கு நீர் கொடுத்து வருகிறது. தெற்குப் புறநகர்களுக்குக் களு கங்கையின் நீரும் உண்டு. இவை எல்லாமே மழை மிகுந்த மலைப்பகுதிகளிலிருந்து கடும்பாறைகளின் மேல் ஓடிவரும் நீர் என்பதால் சுண்ணாம்பு குறைந்த மென்னீராக இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லின் ஊடாக ஊறிவரும் கிணற்று நீரில் கெண்டியின் அடியிலே வெள்ளைப் படிவு கட்டுவதையும், தோட்டப் பசளையால் அங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதையும் அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். கடல் உப்புப் பொதிகள் தூய நீரில் கரைப்பதற்கென்றே கணக்கிடப்பட்டவை. மென்னீரில் அவற்றைக் கரைத்தால் கல்சியமும் காரத்தன்மையும் பொதியில் எழுதியதற்கு அருகிலேயே நிற்கும். இந்த வகையில் கொழும்புக்காரர் கொடுத்து வைத்தவர்கள்.

ஆனால் இதே நீர் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தென்மேல் பருவக்காற்று மழையிலும் ஒக்ரோபர், நவம்பர் மாத இடிமழையிலும் ஆறு கலங்கிப் பாயும்போது சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை கூடுகிறது. படிகாரம், குளோரின் ஆகியவற்றின் அளவும் நீரின் நிலைக்கேற்ப மாறுகிறது. பெப்ரவரி, மார்ச் வறட்சியில் களனியின் ஓட்டம் தளரும்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி அம்பத்தலையை நெருங்குவதுண்டு. அந்த உப்பு நமது தொட்டிக்குக் கேடல்ல. ஆனால் ஓட்டம் தளர்ந்த ஆற்றில் மற்றக் கழிவுகளும் ஐதாகாமல் தங்கிவிடுகின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும். நீர்வெட்டு முடிந்து முதலில் வரும் பழுப்பு நீரை எந்தத் தேவைக்கும் தொட்டியருகே கொண்டுபோகக் கூடாது.

நீர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு நடப்பது இன்னொரு கதை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் நீர் முதலில் நிலக்கீழ்த் தொட்டியில் தேங்கி, மோட்டரால் மொட்டைமாடித் தாங்கிக்கு ஏறி, பித்தளை வால்வுகளைக் கடந்துதான் வீட்டுக்குழாய்க்கு வருகிறது. நிலக்கீழ்த் தொட்டியைக் கழுவ வெளுக்கும் தூள் போட்டிருந்தால் அன்றைய குளோரின் அளவு சபை அனுப்பிய அளவாக இராது. கட்டடப் பராமரிப்பாளரிடம் தொட்டி கழுவும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது, எந்தப் பரிசோதனைப் பெட்டியும் தராத பாதுகாப்பைத் தரும்.

அப்படியானால் நான் எதைத் தெரிவு செய்வது?

கோமாளி மீன், டாம்செல் போன்ற வலுவான மீன்களை மட்டும் வளர்ப்பவர், குளோரின் நீக்கிய கொழும்புக் குழாய் நீரைக் கொண்டு தொட்டியை நல்லபடியாக நடத்தலாம். இறால், நத்தை, கடற்சாமந்தி ஆகியவற்றில் ஒன்றையேனும் சேர்ப்பதானால் குறைந்தபட்சம் டொப்-அப் நீராவது (ஆவியாகிக் குறைந்ததை ஈடுசெய்ய ஊற்றும் நன்னீர்) சுத்திகரித்ததாக இருக்க வேண்டும். பவளம் வளர்ப்பவருக்கு இதில் தெரிவே இல்லை, ஆர்.ஓ.வும் (மென்படலத்தின் ஊடாக அழுத்தி வடிப்பது) டி.ஐ.யும் (எஞ்சிய அயன்களைப் பிசினால் நீக்குவது) சேர்ந்த நீரையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்த வேண்டும். பவளத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை முதலில் வடிகட்டிக்கு ஒதுக்க முடியாதவர், பவளத்தைச் சிறிது காலம் தள்ளிப்போடுவதே அந்த உயிருக்குச் செய்யும் நியாயம்.

டொப்-அப் நீரை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்? அது தினமும் இரண்டு லீற்றர்தானே?

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே; அதில் கரைந்திருந்த எதுவும் கூடப் போவதில்லை. புத்தளத்து உப்பளப் பாத்தியில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. மட்டம் குறைந்ததும் உப்புநீரை ஊற்றாமல் நன்னீரை ஊற்ற வேண்டும் என்பது அனைவருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்த நன்னீரோடு வந்த செம்பு, நைத்திரேற்று, பொசுபேற்று, சிலிக்கேற்று எல்லாம் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 200 லீற்றர்த் தொட்டி, நாளொன்றுக்கு 2 லீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறியால் தொட்டியைக் குளிர்விக்கும் வீடுகளில் இது இன்னும் கூடும். ஓர் ஆண்டில் நீங்கள் ஊற்றும் நீர் 730 லீற்றர், அதாவது தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். குழாய் நீரில் லீற்றருக்கு 0.05 மில்லிகிராம் செம்பு மட்டுமே இருந்தாலும், நீரை மாற்றாமல் விட்டால் ஆண்டிறுதியில் 36.5 மில்லிகிராம் செம்பு தொட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கும். 200 லீற்றரில் அது லீற்றருக்கு 0.18 மில்லிகிராம். மேலே சொன்ன மருந்தளவு அதுதான். பாறையும் மணலும் பாசியும் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் அளவீட்டில் இவ்வளவு தெரியாமற் போகலாம். உறிஞ்சப்பட்டது தொட்டியை விட்டுப் போய்விடவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நீரை மாற்றுபவருக்கு இந்த ஏற்றம் ஓர் எல்லையில் நின்றுவிடும். அந்த எல்லை எங்கே என்பதுதான் முக்கியம். மாதம் ஒருமுறை 20 லீற்றரை மாற்றி, மாற்றுவதற்கும் டொப்-அப்புக்கும் குழாய் நீரையே பயன்படுத்தினால், குழாயில் உள்ளதைப் போல நான்கு மடங்கு வரை மாசுகள் தொட்டியில் ஏறும். ஏனெனில் மாதம் 80 லீற்றரின் கரைசல் உள்ளே வருகிறது, 20 லீற்றர் மட்டுமே வெளியே போகிறது. மாற்றும் நீரைக் கடையில் சுத்திகரித்ததாக வாங்கி, டொப்-அப்புக்கு மட்டும் குழாயைத் திறந்தால் அது மூன்று மடங்கில் நிற்கும். இதைத் திருப்பிச் செய்து, டொப்-அப்பைச் சுத்திகரித்த நீராலும் மாற்றுவதைக் குழாய் நீராலும் செய்தால் குழாயில் உள்ள அளவைத் தாண்டவே தாண்டாது. வாரந்தோறும் 20 லீற்றர் மாற்றும் பொறுமை உள்ளவருக்கு, எல்லாமே குழாய் நீராக இருந்தாலும் 1.7 மடங்கோடு முடிந்துவிடும். எனவே நீரை அரிதாக மாற்றுகிற வீட்டில், ஒரே ஒரு வேலைக்கு மட்டுமே சுத்திகரித்த நீரை வாங்க முடியும் என்றால் அது டொப்-அப்பாக இருக்கட்டும். தொட்டியை முதன்முதலில் நிரப்பும் நீரைப் பற்றி மிகவும் கவலைப்பட்டுவிட்டு, பிறகு நாள்தோறும் குழாயிலிருந்து ஊற்றுவது தலைகீழான அக்கறை.

குளோரினை எப்படி நீக்குவது? ஒரு நாள் வைத்திருந்தால் போய்விடுமா?

வெறும் குளோரின் என்றால், அகன்ற பரலில் காற்றுக்கல் போட்டு 24 மணிநேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் இருந்தால் அப்படிப் போகாது. தயோசல்பேற்று இட்டால் குளோரின் உடனே முறியும். குளோரமினை முறித்தாலோ அமோனியா மிஞ்சும், அதைக் கட்டிப்போடும் மருந்து வேறாக வேண்டும். எது வருகிறது என்று அறிய, "சுயாதீனக் குளோரின்", "மொத்தக் குளோரின்" இரண்டையும் தனித்தனியே காட்டும் பரிசோதனைத் தாளை வாங்குங்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் குளோரமின் இல்லை.

ஒன்றை வேறுபடுத்திப் புரிந்துகொள்ள வேண்டும்: குளோரின் என்பது நீரை மாற்றும் நாளின் ஆபத்து. டொப்-அப்பாக ஊற்றும் 2 லீற்றரில் உள்ள குளோரின் 200 லீற்றரில் ஐதாகி விரைவில் அழிந்துவிடும். 40 லீற்றரை நேரே குழாயிலிருந்து விட்டால் மீன்களின் செவுள்களும் நைதரசன் வட்டத்தை நடத்தும் பக்டீரியாக்களும் பாதிக்கப்படும். உலோகமும் பொசுபேற்றும் இதற்கு மாறானவை. அவை ஒரு நாளில் எதுவும் செய்யாமல் மாதக்கணக்கில் சேர்ந்து வருபவை. குளோரின் மருந்து இட்டதோடு நீர் சுத்தமாகிவிட்டது என்று கருதுவது இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதால் வருகிறது.

கொதித்து ஆறிய நீர்?

கொதித்தால் குளோரின் போகும், கிருமி சாகும். உலோகங்களும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் அப்படியே இருக்கும். நீர் வற்றிய அளவுக்குச் சற்றுக் கூடியும் இருக்கும். மண் குழல் வைத்த வடிகட்டியும் அப்படித்தான், கலங்கலைப் பிடிக்குமே தவிரக் கரைந்ததைப் பிடிக்காது.

சமையலறையில் ஏற்கெனவே ஆர்.ஓ. வடிகட்டி இருக்கிறது. அது போதாதா?

பாதி போதும். வீட்டுப் பாவனைக்கு விற்கும் பல இயந்திரங்களில், மென்படலத்தைக் கடந்த நீர் கடைசியாகக் கனிமம் சேர்க்கும் ஒரு குழலின் வழியே போய்த்தான் குழாய்க்கு வருகிறது. சிலவற்றில் சுவைக்காகக் மென்படலத்தைக் கடக்காத நீரையே கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகும் உண்டு. குடிப்பவருக்கு அது நல்லது, தொட்டிக்கு அது சுத்திகரிப்பைக் கெடுப்பது. மென்படலத்துக்கும் கனிமக் குழலுக்கும் இடையில் ஒரு கிளைக்குழாயைப் பொருத்தி, அந்த நீரை ஒரு டி.ஐ. குழலின் வழியே விட்டால், புதிதாக இயந்திரம் வாங்காமலே தொட்டிக்கு ஏற்ற நீர் கிடைக்கும். கொழும்பில் பவளத் தொட்டி தொடங்குவோருக்கு மிகவும் சிக்கனமான வழி இதுவே என்பது என் கருத்து. அல்ட்ராவயலட் விளக்கு கிருமியைக் கொல்வதற்கு மட்டுமே. அது கரைந்த எதையும் அகற்றாது.

போத்தல் தண்ணீர் அல்லது பெற்றரிக்கு விடும் வடித்த நீர்?

19 லீற்றர்ப் போத்தல்களில் வருவது பெரும்பாலும் நிலத்தடி நீர் அல்லது கனிமம் சேர்த்த நீர். "சுத்தமானது" என்பதும் "கரைந்த பொருள் அற்றது" என்பதும் ஒன்றல்ல. பெற்றரி நீர் உண்மையிலேயே அயன் நீக்கிய நீராக இருந்தால் இரசாயன ரீதியில் ஏற்றதுதான். ஆனாலும் அதை நிரப்பும் கலன்களும் குழாய்களும் உணவுத் தரத்துக்கு உரியவை அல்ல. எரிபொருள் நிலையத்தில் அமிலக் கலனின் பக்கத்திலேயே அது நிற்பதையும் பார்க்கிறோம். அவசரத்துக்கு ஒரு நாள் என்றால்கூட, கரைந்த பொருளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். அளவியால் சோதிக்காமல் ஊற்ற வேண்டாம். மீன்கடைகளில் விற்கும் ஆர்.ஓ. நீரையும் ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்தே வாங்குங்கள். கடைக்காரர் நேர்மையானவராக இருந்தாலும் அவருடைய மென்படலம் பழையதாக இருக்கலாம்.

குளிரூட்டியிலிருந்து வடியும் நீர் வடித்த நீர்தானே? மழைநீர்?

குளிரூட்டியின் நீர் பிறக்கும் கணத்தில் தூயதுதான். ஆனால் அது பிறப்பதே செப்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் கொண்ட சுருளின் மேல். வழியில் தூசியையும் பூஞ்சணத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. கனிமம் அற்ற நீர் உலோகத்தை எளிதில் கரைக்கும் என்பதால், பார்வைக்குத் தெளிவாகவும் அளவியில் மிகக் குறைவாகவும் காட்டும் இந்த நீரில் இறாலைக் கொல்லும் செம்பு இருக்கக்கூடும். செடிக்கு ஊற்றுங்கள், தொட்டிக்கு வேண்டாம்.

மழைநீரைத் திறந்த வெளியில், கூரையில் படாமல், நல்ல மழை அரை மணிநேரம் பெய்து காற்றைக் கழுவிய பிறகு பிடித்தால் பயன்படுத்தலாம். நாகத் தகட்டிலோ அஸ்பெஸ்டஸ் கூரையிலோ வழிந்து வந்தது ஆகாது. புறக்கோட்டை, கிராண்ட்பாஸ் போன்ற வாகன நெரிசல் மிக்க இடங்களில் மழைநீரை நம்ப எனக்கு மனமில்லை.

கிணற்று நீர்?

தெகிவளை, கல்கிசைப் பக்கத்துக் கிணறுகளில் மலக்குழிகளின் நெருக்கத்தால் நைத்திரேற்றும், சில இடங்களில் இரும்பும் கூடுதலாக இருக்கும். வடிகட்டாமல் பயன்படுத்த வேண்டாம்; வடிகட்டினாலும் டி.ஐ. குழல் விரைவில் தீர்ந்துபோகும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது. காலிமுகத்திடலில் நீரை அள்ளி வந்தால் என்ன?

கொழும்பின் கரைநீரை நான் பரிந்துரைக்க மாட்டேன். நகரின் கழிவுநீர் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள இரண்டு கடல்வாய்க் குழாய்களால் கடலுக்குள் விடப்படுகிறது. வடக்கே களனி கங்கை கடலில் விழுகிறது. மழைக்காலத்தில் அதன் செம்மண் கலங்கல் கரையோரமாகப் பரவும்போது உவர்த்தன்மையும் இறங்கிவிடும். துறைமுகத்தின் எண்ணெய்யும் உண்டு. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து வந்த பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். தூர ஆழ்கடலில் படகில் சென்று எடுத்த நீர் என்றால் பேச்சு வேறு; அதையும் இருட்டில் மூடி வைத்து, வடிகட்டி, உவர்த்தன்மையை அளந்த பிறகே பயன்படுத்த வேண்டும். கடல்நீர் கிடைத்தாலும் டொப்-அப்புக்கு நன்னீர் வேண்டும் என்பதால் இந்தப் பக்கத்தின் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

ஆர்.ஓ., டி.ஐ. வடிகட்டி எப்படி வேலை செய்கிறது? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதற்குழல் மண்ணையும் துருவையும் பிடிக்கிறது. அடுத்த கரிக்குழல் குளோரினை நீக்குகிறது. குளோரின் பட்டால் மூன்றாவதாக உள்ள மென்படலம் சிதைந்துவிடும் என்பதால் கரியை உரிய காலத்தில் மாற்றாதவர் அதைவிட விலைகூடிய மென்படலத்தை இழக்கிறார். மென்படலம் அழுத்தத்தால் நீரை மட்டும் ஊடுருவ விட்டு, கரைந்தவற்றில் 95 முதல் 98 வீதத்தைக் கழிவுநீரோடு வெளியேற்றுகிறது. எஞ்சியதை டி.ஐ. குழலில் உள்ள பிசின் மணிகள் பிடித்துக்கொள்கின்றன.

இங்கே கொழும்பு நீரின் மென்மை பணமாகவே கைக்கு வருகிறது. உங்கள் குழாய் நீர் அளவியில் 40 காட்டி, மென்படலம் 96 வீதத்தை அகற்றினால் டி.ஐ. குழலுக்குப் போவது 1.6 மட்டுமே. 600 காட்டும் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரானால் அதே குழலுக்கு 24 போகும். பிசின் பதினைந்தில் ஒரு பங்கு காலமே உழைக்கும். ஆகவே "பிசின் வாங்கிக் கட்டாது" என்று வேறு ஊரில் வளர்ப்பவர் சொன்னதைக் கேட்டு இங்குள்ளவர் பின்வாங்கத் தேவையில்லை.

கொழும்பு வீடுகளில் உண்மையான சிக்கல் அழுத்தம். மென்படலங்களின் கொள்ளளவு ஏறத்தாழ 4 பார் அழுத்தத்திலும் 25 பாகை வெப்பத்திலும் கணிக்கப்படுகிறது. பத்து மீற்றர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். உங்கள் குழாய்க்கு ஆறு மீற்றர் மேலே தாங்கி இருந்தால் கிடைப்பது 0.6 பார், அதில் நீர் சொட்டுச் சொட்டாக வருவதோடு, வருகிற நீரின் தரமும் குறைந்திருக்கும். எனவே சிறிய அழுத்த மோட்டர் ஒன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். அழுத்தமானி பொருத்தாத இயந்திரத்தை வாங்க வேண்டாம். முதற்குழல் அடைபட்டதை முதலில் சொல்வது அந்த முள்தான். நமது நீர் 25 பாகையைவிடச் சூடாக இருப்பதால் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 3 வீதம் கூடுதலாக நீர் கிடைக்கும் என்பது ஒரு சிறு நன்மை. முதற்குழலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று நாட்காட்டியில் குறித்தாலும், மழைக்காலத்தில் அது செந்நிறமாக மாறியதும் மாற்றிவிடுங்கள்.

கழிவாகப் போகும் நீர் மனதை உறுத்துகிறது.

உறுத்த வேண்டியதே. ஒரு லீற்றருக்கு மூன்று, நான்கு லீற்றர் வெளியேறுவது வழக்கம். அது அழுக்கு நீரல்ல, கனிமம் சற்றுக் கூடிய குழாய் நீர்; கரிக்குழலைக் கடந்ததால் அதில் குளோரினும் இராது. தரை கழுவவும், உடுப்பு அலசவும், கழிவறைத் தொட்டிக்கும், பூச்சாடிகளுக்கும் அது நன்றாகப் பயன்படும். மீற்றர் கட்டணம் கட்டும் வீட்டில் இந்தக் குழாயை ஒரு பரலுக்குள் விட்டு வைப்பதை முதல் நாளிலிருந்தே வழக்கமாக்குங்கள்.

டி.டி.எஸ். அளவி பூச்சியம் காட்டினால் நீர் நல்லது என்று முடிவு செய்யலாமா?

பெரும்பாலும். அந்த அளவி உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்தும் தன்மையை. கரைந்த பொருள் என்ன என்பதை அது அறியாது. குழாய் நீரில் 30 காட்டுவது முழுவதும் தீங்கற்ற கல்சியமாக இருக்கலாம், அல்லது அதற்குள் 0.1 செம்பும் அடங்கியிருக்கலாம். குறைந்த எண்ணைப் பார்த்துக் கொழும்புக் குழாய் நீர் ஆர்.ஓ. நீருக்கு ஈடானது என்று சிலர் முடிவு செய்வது இதனால் தவறு. மேலும், பிசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவுவது அது தளர்வாகப் பிடித்திருந்த சிலிக்கேற்று. அளவியில் அது ஏறத்தாழத் தெரியாது. எனவே எண் பூச்சியத்தில் நிற்கும்போதே தொட்டிக் கண்ணாடியில் பழுப்புப் படிவு தொடங்கிவிடும். நிறம் மாறும் பிசினை வாங்கி, நிறம் குழலின் முக்கால் பங்கை எட்டும்போதே மாற்றுங்கள். இயந்திரத்தை இயக்கிய முதல் சில நிமிடங்களில் வரும் நீர் தரம் குறைந்தது. முதல் ஒன்றிரண்டு லீற்றரை டி.ஐ. குழலுக்குள் விடாமல் வெளியேற்றினால் பிசின் நீண்ட காலம் உழைக்கும்.

எல்லாம் அகற்றிய நீர் மீனுக்குக் கெடுதல் இல்லையா?

உப்புக் கரைக்காமல் மீனை அதில் விட்டால் கெடுதல்தான். உப்புப் பொதியில் கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் உரிய அளவில் உண்டு. டொப்-அப் நீரைப் பொறுத்தவரை, தொட்டியை விட்டுப் போனதும் தூய நீர்தான் என்பதால் திரும்ப வருவதும் தூய நீராகவே இருக்க வேண்டும். ஆர்.ஓ. நீரின் அமிலகார அளவை அளந்து பயப்பட வேண்டாம். அந்த அளவை நிலைநிறுத்தும் உப்பு எதுவும் இல்லாத நீரில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

கரைக்கும்போது நீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் நீரை ஊற்ற வேண்டாம். ஊற்றினால் கல்சியம் வெண்மையாகப் படிந்து வீணாகும். கொழும்பின் ஈரக்காற்றில் திறந்த பொதி நீரை உறிஞ்சிக் கட்டிபடுவதால், லீற்றருக்கு இத்தனை கிராம் என்ற நிறுவை நாளடைவில் பொய்த்துப்போகும். ஒவ்வொரு முறையும் ஒளிமுறிவுமானியால் அளந்து, அடர்த்தி எண் 1.025 முதல் 1.026 வரை, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு, இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மானியையும் 35 பங்கு நியமக் கரைசலால் சரிபார்க்க வேண்டும். சிறு பம்ப் ஒன்றால் ஓர் இரவு முழுவதும் சுழல விட்ட பிறகே தொட்டிக்கு ஊற்றலாம்.

சேமிக்கும் பாத்திரம் எதுவாக இருக்க வேண்டும்?

உணவுத் தரப் பிளாஸ்ரிக் பரல், மூடியுடன். பூச்சிமருந்தோ சவர்க்காரமோ இருந்த பரலை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பித்தளைக் குழாய்வாய் பொருத்திய பரலும் வேண்டாம். தூய நீர் அதிலிருந்து செம்பை எடுத்துக்கொள்ளும். மூடி வைப்பது தூசிக்காக மட்டுமல்ல, கொழும்பில் டெங்கு நுளம்புக்காகவும்தான்.

டொப்-அப் நீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துக் கல்சியம் கொடுக்கலாமா?

சுண்ணாம்புத் தெளிநீரை இரவில் சொட்டுச் சொட்டாக விடுவது பவளம் வளர்ப்பவர்களின் நல்ல, பழைய முறை. ஆனால் அதற்கு வேண்டியது தூய கல்சியம் ஐதரொட்சைட்டு. வெற்றிலைச் சுண்ணாம்பு சிப்பியையோ கல்லையோ சுட்டுச் செய்தது. அதில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று யாரும் சோதிப்பதில்லை, வாசனையும் நிறமும் சேர்த்தவையும் உண்டு. நமது தென்மேற்குக் கரையில் சூளைக்காகவே எத்தனையோ பவளப் பார்கள் உடைத்தெடுக்கப்பட்டன. பவளத்தை நேசிப்பவர் அந்தப் பொருளை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பல மாதங்களாகக் குழாய் நீரால் நடத்திய தொட்டியை எப்படி மாற்றுவது?

ஒரே நாளில் முழுவதையும் மாற்ற வேண்டாம். இன்றே டொப்-அப்பை ஆர்.ஓ., டி.ஐ. நீருக்கு மாற்றிவிட்டு, வாரம் பத்து வீதம் வீதம் தூய நீரில் கரைத்த உப்புநீரால் மாற்றி வாருங்கள். காரத்தன்மை திடீரென மாறாமல் இருக்க, புதிய நீரின் அளவையும் தொட்டியின் அளவையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் மாதத்தில் பொசுபேற்று இறங்காமலே இருந்தால் வடிகட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். பாறையும் மணலும் இத்தனை காலம் உறிஞ்சி வைத்ததை, நீரில் அளவு குறையக் குறையத் திரும்ப வெளிவிடும். சில தொட்டிகளில் இது பல மாதங்கள் நீடிக்கும். பொசுபேற்றைப் பிடிக்கும் இரும்பொட்சைட்டு மணிகளைச் சிறிதளவில் தொடங்கிப் பயன்படுத்தலாம். ஒரேயடியாக அதிகம் போட்டால் அளவு சட்டென விழுந்து பவளத்தின் திசு வெளிறக்கூடும். செம்பு சேர்ந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால் செம்பை உறிஞ்சும் வடிகட்டிப் பஞ்சை ஒரு மாதமாவது வைத்து, பரிசோதனையில் செம்பு தெரியாத நிலை வந்த பிறகு, விலை குறைந்த ஓர் இறாலை மட்டும் முதலில் விடுங்கள். அது மூன்று, நான்கு வாரங்களுக்குள் ஒருமுறையாவது தோலுரித்து, நன்றாகத் தீனியும் எடுத்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.